வெரிகோஸ் வெயின்: நின்றபடி எடுத்த ஸ்கேனும் அதற்குப் பிறகும்

என் இடது கெண்டைக்காலின் உட்புறத்தில் ஒரு நாளம் புழுவைப் போல நெளிந்து புடைத்திருப்பதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு வயது 37. அச்சகத்தில் எந்திரத்தின் முன் நின்றே வேலை பார்க்கிறவன் நான். வலி எதுவும் இல்லாததால் அதைப் பொருட்படுத்தவில்லை. உரிய சிகிச்சை எடுத்துக்கொண்டபோது வயது 45. இடையில் கழிந்த எட்டு ஆண்டுகளில் நான் செய்தவற்றில் பெரும்பாலானவை தவறானவை என்பதால், அவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தவறுகளுக்கு ஒரு சொல்லும் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பேச்சுத் தமிழில் ரத்தக் குழாயையும் நாம் ‘நரம்பு’ என்றே சொல்கிறோம். ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்கிறோம். காலில் நாளம் புடைத்தால் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம். நானும் அதை நரம்புக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டு, நரம்புக்கு வலுவூட்டும் வைட்டமின் மாத்திரைகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விழுங்கினேன். இரவுதோறும் எண்ணெய் தடவி, புடைப்பை உள்ளே தள்ளிவிடலாம் என்ற எண்ணத்தில் அழுத்தித் தேய்த்தேன். உணர்வைக் கடத்தும் நரம்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இல்லை. காலிலிருந்து இதயத்திற்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரைகளின் நோய் இது. சிரைக்குள் ரத்தம் உறைந்திருந்தால் அதை அழுத்திப் பிசைவது ஆபத்து என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

நாற்பதைத் தாண்டியபோது அறிகுறிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மாலையானால் இடது கால் ஈய‍த்தைக் கட்டியதுபோல் கனத்தது. காலுறையின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே பள்ளமாகப் பதிந்தது. நள்ளிரவில் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்து எழுப்பியது. பிறகு கணுக்காலின் உட்புறத்திற்குச் சற்று மேலே அரிப்பு தொடங்கி, சில மாதங்களில் அந்த இடம் பழுப்பேறியது. அழுக்கோ, பூஞ்சைத் தொற்றோ என்று எண்ணிக் களிம்பு பூசினேன். சிரைக்குள் அழுத்தம் கூடி, சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து கசிந்து, அவற்றிலுள்ள இரும்புச்சத்து தோலில் படிவதால் வருகிற நிறம் அது. எந்தக் களிம்பும் அதன் காரணத்தைத் தொடப்போவதில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு மருத்துவமனையில், ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தேன். படுக்கவைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். தசைகளுக்கு உள்ளே ஆழத்தில் ஓடும் ஆழ்சிரைகளில் ரத்தக்கட்டி இல்லை என்று அறிக்கையில் இருந்தது. ‘ஒன்றும் இல்லை’ என்று நான் அதைப் புரிந்துகொண்டு மேலும் ஒன்றரை ஆண்டு சும்மா இருந்தேன். அந்த அறிக்கை பொய்யன்று. ஆனால் கட்டி இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டுமே அது விடை சொன்னது. ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை.

இரண்டாவது முறை ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் என்னை நிற்கவைத்தார். உடல் எடையை வலக்காலில் தாங்கச் சொல்லி, இடத் தொடை இடுக்கில் ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் என் கெண்டைச் சதையைப் பிழிந்து விட்டார். பிழிந்தபோது திரையில் ஒரு நிறம் மேல்நோக்கிப் பாய்ந்தது. விட்டதும் வேறு நிறத்தில் அதே ரத்தம் கீழ்நோக்கிச் சரிந்தது, சரிந்துகொண்டே இருந்தது. தோலடிச் சிரைகளில் அரை விநாடிக்கு மேல் பின்னோட்டம் இருந்தாலே, ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பழுது என்று கொள்வார்கள். எனக்கு நான்கு விநாடி நீடித்தது. கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை உட்புறமாக ஏறும் பெரிய தோலடிச் சிரையில், அது ஆழ்சிரையோடு சேரும் இடத்திலேயே வால்வு மூடவில்லை. நான் எட்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த புடைப்பு முழங்காலுக்குக் கீழே இருந்தது. ஒழுக்கு ஒரு முழத்திற்கு மேலே இருந்தது.

அன்று அவர் விளக்கியதை நினைவிலிருந்து எழுதுகிறேன். நாம் அசையாமல் நிற்கும்போது, இதயத்திலிருந்து கணுக்கால் வரையிலான ரத்தத் தூணின் எடை முழுவதும் கணுக்காலின் சிரைகள் மேல் இறங்குகிறது. அங்கே அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைச் சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ள, வால்வுகள் அது திரும்பி விழாமல் தடுக்க, நல்ல காலில் அந்த அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் தள்ளிய ரத்தம் திரும்பத் திரும்பக் கீழே விழுவதால் நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு குறைவதில்லை. வீக்கம், பழுப்பு, அரிப்பு, கடைசியில் புண் எல்லாமே அந்தக் குறையாத அழுத்தத்தின் விளைவுகள். நோயின் நிலையைச் சுழியம் முதல் ஆறு வரை வகைப்படுத்துகிறார்கள்; வெறும் புடைப்பு இரண்டு, வீக்கம் மூன்று, தோல் மாற்றம் நான்கு, ஆறிய புண் ஐந்து, ஆறாத புண் ஆறு. நான் நான்கில் இருந்தேன். ஆறு எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. என் அம்மாவின் கணுக்காலுக்கு மேலே ஆறாண்டுகளாக ஒரு புண் இருந்தது.

சிகிச்சைக்கு முன் சில வாரங்கள் அழுத்தக் காலுறை அணிந்தேன். கணுக்கால், கெண்டை, தொடை ஆகியவற்றின் சுற்றளவைக் காலை வேளையில், வீக்கம் ஏறுமுன் அளந்துதான் அதை வாங்க வேண்டும். எனக்குத் தந்தது 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொண்டது. அதற்கு முன் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகளில் அடைப்பு உள்ள காலில் இறுக்கமான காலுறை மாட்டினால் வருகிற ரத்தமும் தடைப்பட்டுத் திசு அழுகக்கூடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. முதல் வாரம் காலுறையை மாட்டுவதே பெரும்பாடாக இருந்தது. படுக்கையை விட்டு எழுமுன், காலுறையின் உட்புறத்தை வெளியே திருப்பிக் குதிகாலை முதலில் பொருத்தி, ரப்பர் கையுறை அணிந்த உள்ளங்கையால் சிறிது சிறிதாக மேலே நீவிக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு செவிலியர் கற்றுக்கொடுத்த பிறகு அது எளிதாயிற்று. மாலை நேரக் கனம் பாதியாகக் குறைந்தது. ஆனால் காலுறை அணிந்திருக்கும் வரைதான் அந்தப் பயன். கெட்ட வால்வை அது சீராக்குவதில்லை.

சிகிச்சை முறைகளில் லேசர், ரேடியோ அலை வெப்பம், பசை, நுரை ஊசி, பழைய முறையில் சிரையையே உருவி எடுக்கும் அறுவை எனப் பல உண்டு. என் சிரை ஓரளவு நேராக இருந்ததால் லேசரைப் பரிந்துரைத்தார். எனக்கு ஓர் அச்சம் இருந்தது. அநேகமாக எல்லோருக்கும் அது இருக்கும். அவ்வளவு நீளமான குழாயை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும்? கால் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஆழ்சிரைகளே கொண்டுபோகின்றன என்றும், பழுதான சிரை ஏற்கெனவே ரத்தத்தைத் தப்பான திசையில்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றும், அதை மூடினால் மற்றவற்றின் சுமை குறையும் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். ஆழ்சிரைகள் திறந்திருப்பதை அதற்கு முன் ஸ்கேனில் உறுதி செய்துகொண்டார்.

சிகிச்சை நாளில் முதலில் நிற்கவைத்துப் புடைப்புகளின் மேல் பேனாவால் கோடிட்டார்கள். படுத்துவிட்டால் அவை கண்ணுக்குப் புலப்படாமல் அமுங்கிவிடும். மயக்க மருந்து இல்லை, மரப்பூசி மட்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஊசித் துளை வழியாக மெல்லிய இழை ஒன்றைச் சிரைக்குள் செலுத்தி, அதன் நுனியை ஆழ்சிரைச் சந்திப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிறுத்தினார்கள். உண்மையில் வலித்தது அடுத்த கட்டம்தான். தொடை நெடுகிலும் வரிசையாக ஊசி குத்தி, மரப்பு மருந்து கலந்த உப்பு நீரைச் சிரையைச் சுற்றி நிரப்பினார்கள். வலியை மரக்கச் செய்வது, சிரையை இழையோடு ஒட்ட நெருக்குவது, வெப்பம் தோலுக்கும் நரம்புக்கும் போகாமல் காப்பது என மூன்று வேலைகளை அந்த நீர் செய்கிறது. லேசரை இயக்கியபடி இழையை மெல்ல வெளியே இழுத்த சில நிமிடங்களில் எனக்கு வலி இல்லை. வாயில் ஏதோ கருகியதுபோன்ற ஒரு சுவை மட்டும் வந்து போனது. முடிந்ததும் காலுறையை மாட்டி, அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். நடையும் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆழ்சிரையில் ரத்தம் தேங்கி உறையாமல் இருக்க அதுவே முதல் காப்பு.

எளிது என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் அடுத்து வரும் நாட்களுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். தொடை முழுவதும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றியது. ஐந்தாம் நாளிலிருந்து உள்தொடையில் ஒரு கயிற்றை முறுக்கிக் கட்டியதுபோல இழுத்தது. மூடிய சிரை இறுகிச் சுருங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்திற்குத் தோல் மரத்துப்போய், அது தெளிய நான்கு மாதங்கள் ஆயின. ஒரு வாரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுத்து, உறைவு ஆழ்சிரைக்குள் நீளவில்லை என்று பார்த்தார்கள். கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்கு வர வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

மூல ஒழுக்கை அடைத்ததும் கீழே இருந்த புடைப்புகள் பாதிக்கு மேல் தாமாகவே அடங்கின. எஞ்சியவற்றுக்கு ஆறு வாரம் கழித்து நுரை ஊசி போட்டார்கள். பாலிடோகனால் என்ற மருந்தை இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே காற்றோடு முன்னும் பின்னும் தள்ளி நுரையாக்கிச் செலுத்துவார்கள். நுரை ரத்தத்தை விலக்கிக்கொண்டு சிரையின் சுவரில் படிந்து அதை ஒட்டச்செய்கிறது. ஊசி போட்ட தடத்தில் பழுப்புக் கோடுகள் விழுந்து, மறைய ஓர் ஆண்டு ஆனது. கணுக்காலின் பழைய பழுப்பு முழுதும் போகவில்லை, இனியும் போகாது. அரிப்பும் இரவு இழுப்பும் நின்றுவிட்டன.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அம்மாவின் புண்ணுக்கு ஆறாண்டுகளாகக் கட்டு மாற்றினோம், களிம்புகள் மாற்றினோம், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் எத்தனையோ முறை கொடுத்தோம். சிரையை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் குளியலறையில் அவருடைய கணுக்கால் நாளம் வெடித்து ரத்தம் பீய்ச்சியது. நான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டினேன். ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. சிரை ரத்தம் மேலே போக வழியில்லாமல் செய்துவிட்டேன் என்பது பின்னர்தான் புரிந்தது. செய்ய வேண்டியது மிக எளிது: உடனே தரையில் படுக்கவைத்து, காலை இதய மட்டத்திற்கு மேலே உயர்த்தி, கசிகிற இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை மட்டுமாவது இதைப் படிப்பவர்கள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

என் கால் தேறியதும் அம்மாவையும் அதே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். ‘இந்த வயதில் எனக்கு எதுக்குப்பா’ என்று தயங்கினார். அப்போது அவருக்கு 70. தமனிகள் நன்றாக இருப்பதைச் சோதித்துவிட்டு, பல அடுக்கு அழுத்தக் கட்டுப் போட்டு வாரந்தோறும் மாற்றினார்கள். புண் ஆறும் வரை காத்திருக்காமல் பழுதான சிரையையும் உடனே அடைத்தார்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டுப்போடுவதோடு சிரையையும் தொடக்கத்திலேயே அடைத்தவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாட்கள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாட்கள் என்று கண்டிருக்கிறார்கள். மருத்துவர் சொன்ன காரணம் அதுவே. அம்மாவின் புண் பழையது என்பதால் 14 வாரங்கள் ஆயின.

வராமலே தடுக்க முடியுமா என்று என்னைக் கேட்கிறார்கள். முழுமையாக முடியாது. பரம்பரை, வயது, மகப்பேறு ஆகியவற்றை நம்மால் மாற்ற இயலாது. என் வால்வுகளின் பலவீனம் அம்மாவிடமிருந்து வந்ததாகவே இருக்கலாம். நம் கையில் இருப்பது அசையாமல் நிற்காமலிருப்பதும், உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும், நடப்பதும்தான். எந்திரத்தின் முன் நிற்கும்போது இப்போது அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவதற்குப் பதிலாக, பத்து நிமிடமாவது படுத்து இதயத்திற்கு மேலே உயர்த்திவைக்கிறேன். அடைத்த சிரை அடைபட்டே இருந்தாலும் வேறு சிரைகள் பழுதாகலாம். எனக்கே இரண்டாம் ஆண்டில் வலக்காலில் ஒரு சிறு பின்னோட்டம் தென்பட்டு, தொடக்கத்திலேயே நுரை ஊசியோடு முடிந்தது.

அம்மாவால் குனிந்து காலுறை மாட்ட முடியாது. காலையில் அவர் எழுமுன் நான்தான் மாட்டிவிடுகிறேன். அதற்கு முன் விளக்கைப் போட்டு, புண் இருந்த இடத்தில் புதிதாக மூடியிருக்கும் மெல்லிய தோலை விரலால் தடவிப் பார்த்து, வறண்டிருந்தால் ஈரப்பசைக் களிம்பு இரவில் பூச வேண்டும் என்று நினைவில் குறித்துக்கொள்கிறேன்.