கரிஸ்மா பைக்கை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்த ஏழு மாதம்

பென்சிலைத் தேய்க்கத் தேய்க்கத் தாள் முழுக்கக் கறுப்புதான் விழுந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் வேறு தாள் வைத்து மறுபடி தேய்த்துப் பார்த்தார். வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும், பதினேழு எழுத்து இருக்க வேண்டிய சேசிஸ் நம்பரில் ஐந்தோ ஆறோதான் மங்கலாகத் தெரிந்தன. "பவுடர் கோட்டிங் போட்டீங்களா? நம்பர் மேலேயே அடிச்சு மூடிட்டாங்க. சரி பண்ணிட்டு வாங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங், அதாவது பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயிண்ட், போடக் கொடுத்திருந்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்பது வருடம் நின்ற வண்டியை அன்று காலைதான் நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரி வரை முதல்முறையாக ஓட்டி வந்திருந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி. முடிய அப்போது பத்தொன்பது நாள்தான் பாக்கி.

வண்டி 2009 நவம்பரில் எடுத்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 223 சிசி. ஓசூரில் வேலை பார்த்தபோது என் சம்பளத்தில் நானே வாங்கியது. 2015-இல் கார் வந்ததும் மாட்டுக் கொட்டகை ஓரம் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினேன். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. பதினைந்து வருடம் என்பது உங்களுக்குத் தெரியும். முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்துதான் படிவம் 25-இல் விண்ணப்பிக்க முடியும். பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1-இல் 1000 ரூபாய் ஆனது. தேதி தாண்டினால் ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல் என்று விதி சொல்கிறது. அதனால் 2024 ஏப்ரலில் தார்ப்பாயை விலக்கும்போதே நவம்பருக்குள் வண்டி தயாராகிவிட வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. ஒரு படி அளவுக்கு நிலக்கடலைத் தோல், கூடவே என் பையனுடைய பழைய பனியன் துண்டு. ஹெட்லைட்டுக்குப் போகும் வயர்களையும் கடித்து வைத்திருந்தது. முன் ஃபோர்க் ஆயில் சீல், கோன்செட், செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி இதெல்லாம் பணம் கொடுத்தால் முடிகிற வேலை, முடிந்தது. இன்ஜினைச் சுற்றுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விட்டேன். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். பிஸ்டன் சிக்காமல் நகர்ந்தது. இதைச் செய்யாமல் யாரும் எடுத்தவுடன் செல்ஃபை அழுத்தாதீர்கள்.

டேங்குக்குள் துரு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) அரைக் கிலோ வாங்கி, சுடுதண்ணீரில் கரைத்து, டேங்கை நிரப்பி ஒரு இரவு வைத்தேன். காலையில் ஊற்றினால் காப்பி டிகாஷன் மாதிரி வந்தது. உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பு. நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, மொட்டை வெயிலில் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து டார்ச் அடித்தால் உள்ளே முழுக்க ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு! அமிலத்தில் கழுவிய இரும்பு ஈரத்தோடு காற்றுப் பட்டால் அவ்வளவு சீக்கிரம் பிடிக்கும். இரண்டாவது முறை, அலசியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கி மிச்ச அமிலத்தை முறித்தேன். உடனே ஹேர் டிரையரை வாய்க்குள் காட்டி உலர்த்தி, ஈரம் போன மறு நிமிடமே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றினேன். துரு திரும்பவில்லை. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்கள் டேங்கைப் பாதிப் பெட்ரோலோடு விடாதீர்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங் சுத்தமாக நின்றது. ஆனால் நாலாயிரம் ஆர்.பி.எம். தாண்டவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் 'புஹ்' என்று அமுங்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டுகளை (பெட்ரோல் வரும் சின்னத் துளைகள்) நானே கழற்றிக் கழுவியிருந்ததால், சரி, அனுபவமுள்ள ஒருவர் பார்க்கட்டும் என்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணன் இரண்டு தடவை முறுக்கிக் கேட்டுவிட்டு, "போர் போயிடுச்சு தம்பி. பிஸ்டன், ரிங், போர் எல்லாம் மாத்தணும். பதினாலாயிரம் ஆகும்" என்றார். போர் என்பது பிஸ்டன் ஓடும் உருளை. இன்ஜினுக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கவில்லை, பிளக்கைக்கூடக் கழற்றவில்லை. மூவாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். பதினோரு நாள் வண்டி வாசலில் வெயிலில் நின்றது. நல்லவேளை, அவர் இன்ஜினைத் தொடவில்லை. பன்னிரண்டாவது நாள் வண்டியை எடுத்து வந்துவிட்டேன். அட்வான்ஸ் திரும்பவில்லை.

எனக்குக் குழப்பமாக இருந்தது ஒரே விஷயம். போர் தேய்ந்த இன்ஜின் புகை விடும், ஆயில் குடிக்கும். இதில் புகையே இல்லை. நண்பரிடம் கேஜ் வாங்கிப் பார்த்தேன், கம்ப்ரஷன் நன்றாகவே இருந்தது. மறுபடி கார்புரேட்டரைக் கழற்றி உட்கார்ந்தேன். சாதாரணக் கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் போகும் வழியைத் திறக்கும் ஸ்லைடை ஆக்சிலேட்டர் கேபிளே நேராகத் தூக்கும். கரிஸ்மாவில் இருப்பது சி.வி. வகை. கேபிள் கீழே உள்ள பட்டர்ஃப்ளை வால்வை மட்டும் திறக்கும். ஸ்லைடைத் தூக்குவது இன்ஜின் இழுக்கும் உறிஞ்சல்தான். அந்த உறிஞ்சலைப் பிடித்து வைப்பது மேல் மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம். முதல்முறை கழுவியபோது அதை மேலோட்டமாகப் பார்த்து, கிழியவில்லை என்று வைத்துவிட்டேன்.

இந்த முறை அதை வெளியே எடுத்து, இரவில் டார்ச்சுக்கு எதிரே பிடித்து, மடிப்பு மடிப்பாக விரல் நுனியால் விரித்துப் பார்த்தேன். ஸ்லைடைச் சுற்றியுள்ள மடிப்பில், சாதாரணமாகப் பார்த்தால் மூடிக்கொள்ளும் இடத்தில், ஊசிமுனை அளவு வெளிச்சம். பக்கத்தில் இன்னொன்று. சந்தேகமே இல்லாமல் உறுதிப்படுத்த, சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு அந்த இரண்டு ஓட்டை மேலும் வைத்தேன். பெட்ரோல் வாடையில் அது நிற்காது, ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு நாள் தாங்கினால் போதும். காலையில் மாட்டி முறுக்கினேன். முள் ஏழாயிரத்தைத் தொட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தா எழுந்து வந்து "என்னப்பா, பழைய சத்தம் வந்துடுச்சே" என்றார். அன்று எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை.

புது டயாஃப்ரம் தருமபுரியிலும் கிடைக்கவில்லை, சேலத்திலும் கிடைக்கவில்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் நாலாவது கடையில் ஸ்லைடோடு சேர்ந்த செட்டாகக் கிடைத்தது. பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். "இதுவும் சேரும் சார்" என்று வேறு வண்டியினுடையதை நீட்டுவார்கள். விட்டமும் உயரமும், ஓரத்தில் இருக்கும் சின்னக் காது உட்காரும் இடமும் ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். இந்த அறிகுறி இருக்கிற சி.வி. கார்புரேட்டர் வண்டிக்கு, டயாஃப்ரமை வெளிச்சத்தில் பார்க்காமல் யாராவது இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முன் டிஸ்க் பிரேக்கில், பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருந்தது. ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே பேடுகளை எடுத்துவிட்டு, லிவரை மெல்ல மெல்ல அழுத்தி, அந்த அழுத்தத்திலேயே பிஸ்டனை வெளியே வர வைத்தேன். கம்ப்ரசர் காற்று அடித்து எடுப்பார்கள், குண்டு மாதிரி தெறிக்கும், விரல் போய்விடும். வேண்டாம். பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்ட் போய்விடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டயரில் பட்டன் நன்றாக இருந்தும் இரண்டையும் மாற்றினேன். பக்கச் சுவரில் நாலு இலக்கத்தில் வாரமும் வருடமும் இருக்கும். என்னுடையதில் 3612, அதாவது 2012-இன் 36-ஆவது வாரம். புது டயர் வாங்கும்போதும் அந்த நாலு எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இனி காகிதம். நான் முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தேன். செப்டம்பரில் ஆர்.சி.யை எடுத்தால் அதில் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. தவணை 2011-லேயே முடிந்தது. அந்தப் பெயரை நீக்க ஹெச்.பி. கேன்சல் பண்ண வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் படிவம் 35-இல் அவர்கள் கையெழுத்தும் சீலும் வேண்டும், கடன் பாக்கி இல்லை என்று அவர்கள் தரும் என்.ஓ.சி.யும் வேண்டும். தருமபுரியில் இருந்த கிளையையே மூடிவிட்டார்கள். சேலம் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வண்டி நம்பரைத் தட்டிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "சிஸ்டத்துல இல்ல சார், லோன் நம்பர் கொண்டு வாங்க" என்றார். பதிமூன்று வருடத்துக்கு முன்பே முடிந்த லோனின் நம்பர்! வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், அவர்களும் லோன் நம்பரைத்தான் கேட்டார்கள்.

அம்மாதான் காப்பாற்றினார். பீரோவில் ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் இருக்கும் மஞ்சள் பையில் என் கடைசித் தவணை ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். மூலையில் லோன் நம்பர். இரண்டாவது முறை போனால் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு. மூன்றாவது முறை விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு நாள் கழித்துத் தபாலில் வந்த என்.ஓ.சி.யில் என் இனிஷியல் இல்லை. ஆர்.சி.யில் இருக்கிறது. அதைத் திருத்த நாலாவது முறை சேலம். கடன் முடிந்த எந்த வண்டி உங்களிடம் இருந்தாலும் இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். கிளை இருக்கும்போதே முடித்துவிடுங்கள். என்.ஓ.சி.யில் எத்தனை நாள் செல்லும் என்று போட்டிருக்கும், எனக்குக் கொடுத்தது 90 நாள்.

இவ்வளவும் தாண்டி, இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போன அன்றுதான் சேசிஸ் நம்பரில் மாட்டினேன். 

நம்பர் மேல் இருக்கும் கோட்டிங்கை எமரித் தாளாலோ கிரைண்டராலோ தேய்க்கக் கூடாது. எழுத்து சிதைந்தால் நம்பரை மாற்றியதாகச் சந்தேகம் வரும், அப்புறம் வண்டியே போய்விடும். பெயிண்ட் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் நம்பர் இருக்கும் இடத்தில் வைத்து, மேலே பாலிதீன் தாளால் மூடினேன். கால் மணி நேரத்தில் கோட்டிங் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. மூங்கில் குச்சியைச் சீவி ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் இருந்ததைச் சுரண்டி எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பதினேழும் வரிசையாகத் தெளிந்து வந்தன. அந்த இடத்துக்கு மெல்லிசாகக் கிரீஸ் மட்டும் தடவியிருக்கிறேன். பவுடர் கோட்டிங்குக்குச் சேசிஸைக் கொடுப்பவர்கள், நம்பர் மேல் வெப்பம் தாங்கும் டேப்பை நீங்களே ஒட்டிக் கொடுங்கள். சொன்னால் செய்வார்கள் என்று விடாதீர்கள். நிறத்தையும் ஆர்.சி.யில் உள்ளபடியே வையுங்கள்.

இரண்டாவது முறை ஆய்வாளர் பென்சிலைத் தேய்த்தார், எல்லா எழுத்தும் விழுந்தன. லைட், இண்டிகேட்டர், ஹார்ன், பிரேக் பார்த்தார். ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார். "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். பழைய வண்டிக்கான பசுமை வரியும் கட்டியாயிற்று. கெடுவுக்கு ஆறு நாள் மிச்சம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த ஆர்.சி. தபாலில் வந்த அன்று அதை முதலில் அம்மா கையில்தான் கொடுத்தேன். அவர் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை பையனைப் பின்னால் உட்கார வைத்துப் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய் வந்தேன். மலை இறக்கத்தில் முன் பிரேக் பிடித்தால் வண்டி கல் மாதிரி நின்றது. திரும்பும்போதுதான் ஒரு குறை. செல்ஃபை அழுத்தினால் சில சமயம் மோட்டார் மட்டும் 'கிர்ர்' என்று சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை. மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இந்த வண்டிக்குக் கிக்கரே கிடையாது, இரண்டு இடத்தில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினோம். சனிக்கிழமை மறுபடி ஜே.சி. ரோடு போகிறேன், பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு.