மீண்டும் குன்னூர்: ஐந்து நாள் குறிப்பு

ஜனவரி 20

பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு வருவதுதான் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூரின் கிழக்குச் சரிவில் வந்து முட்டும். மலையடிவாரத்துக் கல்லாறு நிலையத்துக்கு மேலே மண் சரிந்து மலை ரயில் தண்டவாளம் மூடுவதும் அந்த மாதங்களில்தான். சொந்த வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது நீலகிரிக்குள் வர இணையத்தில் எடுக்கும் அனுமதி, கட்டாயம். ரயிலிலோ பேருந்திலோ வருகிறவர்களுக்கு வேண்டாம். நீலகிரிப் பதிவெண்ணுக்கு விலக்கு உண்டு. ஒரு காலத்தில் இங்கே குடியிருந்தோமே என்ற நினைப்பில், வெளியூர்ப் பதிவு வண்டியில் பாஸ் இல்லாமல் ஏறி வந்தால் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதுதான்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் காலை 7.10க்கு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்கு முன்பே வந்துவிடும். கல்லாறு வரை சாதாரணப் பாதை. அங்கிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12.28 அடிக்கு ஓர் அடி. வெறும் சக்கரத்துக்குப் பிடிப்புப் போதாது. அதனால்தான் நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்கும். இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டி பின்னோக்கி ஓடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் வெளித்தட்டில் நிற்கிறார். மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகம்தான். வழியில் ஹில்குரோ நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இறங்கித் தேநீர் குடித்துவிடலாம். அங்கே குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் ஆகாது.

1899-இல் திறந்த பாதை இது, இன்னும் அதே முறையில் ஏறுகிறது. ஒரு முறையாவது மேலே போகும்போது இதில் போக வேண்டும். இறங்கும் பயணம் அந்த உழைப்பைக் காட்டாது.

ஜனவரி 21

வாடகை வீட்டில் சமைப்பவர்கள் சமவெளிக் கணக்கைக் கீழேயே விட்டுவிட வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நம்பினால் துவரம்பருப்பு கடிபடும். குக்கரிலும் உள்ளே சூடு கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவுதான். பருப்புக்கு இரண்டு விசில் கூட விட வேண்டும். கொண்டைக்கடலையை இரவே ஊறவைக்காவிட்டால் மறுநாள் அதை மறந்துவிடலாம்.

இட்லி மாவுதான் பலரை ஏமாற்றுவது. கீழே எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, இந்த மாதத்தில் பதினாறு மணி நேரமானாலும் அசையாது. வெந்தயம் ஒரு கரண்டி கூட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைக்கவும். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். பொங்கிய பிறகு சேர்க்கலாம். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் மூடிய வெந்நீர்ப் பாத்திரம் ஒன்று வைத்தால் காலைக்குள் தயாராகும். சோடா உப்பு போட்டால் இட்லி உப்பும், புளிப்பு வராது.

ஜனவரி 22

குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. அதனால் இந்தப் பருவத்து ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டிச் சுருட்டும் பழைய முறை) தேயிலைக்கு மணம் கூடுதல். இரண்டு இலை, ஒரு மொட்டு. நான்கு, நான்கரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. வாட்டலுக்கு மட்டும் 12 முதல் 16 மணி நேரம். சரியாக வாடாத இலை உருட்டும்போது சுருளாது, நொறுங்கிவிடும். வாங்கும்போது உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள்: முழு இலைத் தேயிலை என்று சொல்லித் தருவதில் உடைசலும் தூசியும் மிகுந்திருந்தால் வேண்டாம். இதைப் பாலோடு கொதிக்க வைப்பது பாவம். கொதித்த நீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். பால் தேநீருக்கு சிடிசி தூள், அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துக் குறுணையாக்கிய தேயிலைதான் சரி.

ஜனவரி 23

லாம்ஸ் ராக் காட்சிமுனைக்குப் போவதென்றால் விடிந்ததும் கிளம்ப வேண்டும். பத்து, பதினொரு மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் கோயம்புத்தூர்ச் சமவெளி தெரியாது. தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை நின்றால் நாமும் நிற்க வேண்டும். தனித்து நிற்கும் ஆண்தான் ஆபத்து. குரல் எழுப்பாமல், அது திரும்பிப் போக வழி விட்டு விலகவும். இருட்டிய பிறகு கரடி வரும். சமையல் எண்ணெய் வாசனைக்கே கதவை உடைக்கும். எண்ணெய் டின்னை வராந்தாவில் வைக்கக் கூடாது.

ஜனவரி 24

கீழே கொண்டுபோக வர்க்கி (மொறுமொறுப்பான நீலகிரி பேக்கரிப் பண்டம்) வாங்கினால் கண்ணாடிக் காகிதப் பையை அப்படியே காற்றுப்புகாத டப்பாவில் போடவும். சமவெளி ஈரத்தில் ஒரே நாளில் நமுத்துப்போகும். கேரட்டை மண்ணோடு கேட்டு வாங்குவது நல்லது. இயந்திரத்தில் கழுவிய கேரட் பளபளக்கும், ஆனால் சீக்கிரம் அழுகும்.

காரில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறவர்களுக்கு: 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி. பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் வழியில் உள்ள பர்லியாறுக்கு முன்பே கருகல் வாசனை வரும். வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும்.