பெயர், ஆண்டு, அடைப்புக்குறி

இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் படிக்க வந்த மூன்றாவது மாதம் அந்த மெயில் வந்தது. என் முதல் கட்டுரை பற்றிப் பேச வேண்டுமாம். பொருள் என்ற இடத்தில் ‘அகடமிக் மிஸ்கான்டக்ட்’, அதாவது படிப்பில் ஒழுங்கு மீறல் என்று போட்டிருந்தது. கூடவே, கட்டுரையை மற்றவர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் என்ற மென்பொருளின் அறிக்கை: 38 சதவீதம் ஒத்துப்போகிறது. என் பக்கங்கள் முழுக்கச் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பட்டைகள்.

அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். “புஸ்தகத்துல இருக்கிறதைத்தானேடி எழுதின? தப்பா எழுதினாத்தானே திட்டணும்?” என்றாள். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த திருட்டு, பிட் அடிப்பதும் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்ப்பதும்தான். இரண்டையும் நான் செய்ததே இல்லை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, மொட்டைமாடியில் நடந்து நடந்து, வரி பிசகாமல் மனப்பாடம் செய்து எழுதியவள். “அப்படியே புத்தகத்துல இருக்கிற மாதிரி எழுதியிருக்கா” என்று டீச்சர் என் பேப்பரை வகுப்பில் தூக்கிக் காட்டியிருக்கிறார். அதே பழக்கத்துக்கு இங்கே ஒழுங்கு மீறல் என்று பெயர். இதை முதல் வாரமே ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். கையேட்டில் ஒரு பக்கம் இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை.

நேரில் பார்த்த ஆசிரியை அன்பாகவே பேசினார். கட்டுரை, 1854-ல் லண்டன் சோஹோவில் பரவிய காலரா பற்றியது. பிராட் தெருப் பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ காட்ட, பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆசிரியை பென்சிலை அந்த வரியில் வைத்து, “இது துறையில் எல்லோருக்கும் தெரியும், மேற்கோள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை” என்றார். அப்புறம் பென்சில் கீழே இறங்கியது. கைப்பிடியைக் கழற்றும் முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது, அதனால் கழற்றியதன் பலன் எவ்வளவு என்று எடைபோடும் பத்தி. “இது யார் சொன்னது?”

நான் படித்த கட்டுரையாளர் சொன்னது. சொற்களை மட்டும் மாற்றி, வாக்கியத்தின் எலும்பை அப்படியே விட்டிருந்தேன். படித்ததை மூடி வைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுத வேண்டும், அப்போதும் அவர் பெயரும் ஆண்டும் வேண்டும், வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் சேர்க்க வேண்டும் என்றார். 38 என்பது தீர்ப்பு இல்லையாம். கடைசியில் தரும் நூற்பட்டியல்கூட அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுமாம். திருத்தி எழுத அனுமதித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் தொல்காப்பியத்தின் ‘என்மனார் புலவர்’ நினைவுக்கு வந்தது. இது நான் சொன்னதல்ல, எனக்கு முன்னால் கற்றவர்கள் சொன்னது என்று தொல்காப்பியர் ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதைக்கூட நான் மனப்பாடம்தான் செய்திருந்தேன்.

இப்போது பழகிவிட்டது. பெயர், ஆண்டு, அடைப்புக்குறி எல்லாம் கை தானாகப் போடுகிறது. போன வாரம் குடிநீர் பற்றி எழுதும்போது, ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது’ என்று தட்டியதும் கை நின்றது. எனக்கு இதைச் சொன்னது பாட்டி. ஊரில் காலரா வந்தபோது ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பாடை போனதாம். அன்றிலிருந்து கொதித்த தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டித்தான் பானையில் ஊற்றுவாள். எந்த வருஷம் பாட்டி என்று கேட்டால், “உங்க பெரியப்பா என் இடுப்புல இருந்த வருஷம்” என்பாள்.

அடைப்புக்குறியைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.