லெந்து வேதபாடம் அசனப் பந்தி வரை போனது

எங்கள் சேகரத்தில் (ஒரே குருவின் கீழ் இருக்கும் சபைகளில்) லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், வேதபாடம் நடப்பது வழக்கம்தான். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்போம், ஜெபம் பண்ணிவிட்டுக் கலைவோம். போன வருஷம் அதை வேறு மாதிரி நடத்தினோம். நீதி, சமாதானம், கை ஓங்காமல் எதிர்த்து நிற்பது ஆகியவற்றை வேதத்தை வைத்துக்கொண்டு ஊர் ஆட்களே பேசிப் படித்தோம். தங்கள் சபையிலும் நடத்த முடியுமா என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஆரம்பம் கயிறுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்பதும் அதில் ஒரு பரிந்துரை. செய்தியைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டு நான் பாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளிக்கு (ஞாயிறு வேத வகுப்புக்கு) போனால், என் வகுப்புப் பையன்கள் கையிலேயே கயிறு. கழுத்தில் சிலுவை, கையில் கயிறு.

சேகர குரு ஐயா உடனே சரி என்றார். கமிட்டியில்தான் இழுத்தது. "சபைக்குள்ள அரசியல் எதுக்கு?" என்றார் ஒரு பெரியவர். நாங்கள் வாதாடவில்லை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொன்னோம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டிக்கிறார். "இது சாப்பாட்டு விஷயமா, விசுவாச விஷயமா?" என்று ஐயா கேட்டார். பதில் வரவில்லை, அனுமதி வந்தது. பெயர் மட்டும் 'லெந்து வேதபாடம்' என்றே இருக்க வேண்டுமாம். இருக்கட்டுமே.

எங்கள் சேகரத்தில் பெரிய ஊரில் ஒரு சபை, கீழ்ப்பக்கக் குடியிருப்பில் ஒரு சின்ன சபை. குரு ஒருவர், கோவில் இரண்டு. ஏன் இரண்டு என்று நெல்லைச் சீமைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, சாதிதான். வகுப்பை ஒரு வாரம் இங்கே, மறு வாரம் அங்கே வைத்தோம். பெண்கள் சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதால் நேரம் ராத்திரி ஏழு மணி. நேர விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆண்களுக்குத் தோதாக வைத்தால் வகுப்பில் உண்மை பேச ஆள் இருக்காது.

முதலில் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை எடுத்தோம். ஆகாப் ராஜா கேட்ட தோட்டத்தை நாபோத் தர மறுக்கிறான். ராணி யேசபேல் ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதி, பொய்க் குற்றம் சாட்டி அவனைக் கொல்ல வைக்கிறாள். பிரசங்கம் கிடையாது. வாசித்ததும் ஒரே கேள்வி: இந்தக் கதையில் யார் யார் நினைத்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம்? ஆகாப், யேசபேல் என்று வழக்கமான பதில்கள் வந்தன. பீடித்தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சொன்னார்: "யேசபேலை மட்டும் திட்டுதோம். கடுதாசி வந்ததும் சொன்னபடி செஞ்சது ஊர்ப் பெரியவங்கதான?" அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. நல்லதாகப் போயிற்று.

மறு கன்னத்தைக் காட்டச் சொல்லும் வசனத்துக்குத்தான் அதிக நேரம் செலவானது. "அடி வாங்கிட்டுச் சும்மா இருக்கணுமோ?" என்று இளைஞர்கள் கொதித்தார்கள். அமெரிக்க இறையியலாளர் வால்ட்டர் விங்க் சொன்ன விளக்கத்தைச் செய்தே பார்த்தோம். வசனத்தில் இருப்பது வலது கன்னம். எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் வலது கையால் அடிக்க வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். அது சண்டை அடி இல்லை, கீழே இருப்பவனை அவமானப்படுத்தும் அடி. மறு கன்னத்தைத் திருப்பினால் அந்தப் புறங்கை அடி செல்லாது, 'நான் உனக்குக் கீழே இல்லை' என்று ஆகிவிடுகிறது. எல்லா அறிஞர்களும் இதை ஏற்பதில்லை. ஆனால் எங்கள் பையன்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் மார்ட்டின் லூதர் கிங். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், அறப்போராட்டத்துக்கு நான்கு படிகள் சொல்கிறார்: உண்மைகளைத் திரட்டுவது, பேசித் தீர்க்கப் பார்ப்பது, தன்னைச் சுத்திகரித்துக்கொள்வது, அதன் பிறகே நேரடிச் செயல். நம் ஊரில் எல்லோரும் நான்காவதில்தான் தொடங்குகிறார்கள். நாங்கள் முதல் படியிலேயே பல வாரம் நின்றோம்.

திரட்ட எடுத்துக்கொண்ட விஷயம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம், அதாவது கோவில் பிரதிஷ்டை ஆண்டு விழாவில் சபையாருக்குப் போடும் விருந்து. அரிசியும் பணமும் இரண்டு சபையிலும் பிரிக்கிறோம். சமைப்பது பெரிய கோவில் வளாகத்தில். குடியிருப்புக்குப் போக வேண்டிய சோறும் கறிக்குழம்பும் அண்டாவில் ஆட்டோ ஏறிப் போய்விடும். "அவங்கதான் அப்படிக் கேட்டாங்க, அவங்களுக்கு அதுதான் வசதி" என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொன்னோம். யார் கேட்டது, எப்போது கேட்டது என்று வகுப்பில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் வீடு வீடாக விசாரித்தார்கள். கேட்டவர் யாரும் கிடைக்கவில்லை. குடியிருப்பில் ஒரு தாத்தா, "எங்களை யாரும் கூப்பிடல, அண்டாதான் வந்துச்சு" என்றார்.

இதைக் கமிட்டியில் வைத்தபோது, காலங்காலமாக இப்படித்தான் என்று பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வடக்கன்குளத்தை எடுத்தார். அங்கே 1872இல் சாதிக்கு ஒரு பக்கமாக, நடுவில் சுவர் வைத்துக் கட்டிய ரோமன் கத்தோலிக்க (ஆர்.சி.) கோவில். பிறகு சுவர் இடிக்கப்பட்டு, தனி இடம் கேட்டவர்கள் நீதிமன்றம் போய், 1917இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். "அது ஆர்.சி. கதை, நம்ம கதை இல்ல" என்றார் ஒருவர். வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது படிக்கு ஒத்திகை பார்த்தோம். ஒருவர் பந்தியில் உட்கார, இன்னொருவர் "எந்தி" என்று அதட்ட வேண்டும். உட்கார்ந்தவர் எழும்பக் கூடாது, திருப்பித் திட்டவும் கூடாது. முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. அதட்டுகிற வேஷம் போட்டவர்களுக்குத்தான் சீக்கிரம் முகம் மாறியது.

அசனத்தன்று அண்டா ஆட்டோ ஏறவில்லை. குடியிருப்பு ஆட்கள் வந்தார்கள், ஐயா அவர்களோடு முதல் பந்தியில் உட்கார்ந்தார். அதட்ட யாரும் வரவில்லை. எங்கள் ஊரில் சில குடும்பங்கள் மட்டும் பந்திக்கு வராமல் தூக்குச்சட்டியில் வாங்கிப் போனார்கள். கமிட்டியில் ஒருவர் விலகிவிட்டார். பையன்களில் சிலர் கயிற்றை அவிழ்த்தார்கள், சிலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவிழ்க்கிறார்கள்.

அடுத்த லெந்துக்குக் கல்லறைத் தோட்டத்தை எடுக்கலாம் என்று பீடித்தட்டு அக்கா சொல்லியிருக்கிறார். கமிட்டிக்கு மனு கொடுத்துவிட்டோம். அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள்.