பேச்சி ஆடினவவின் பேத்தி

"பிள்ளை சூனியக்காரக் கூட்டத்துக்க போயிட்டாள் அக்கா. ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன கதைப்பாங்க?" லண்டனிலிருந்து என் தம்பி அழாக்குறையாகச் சொன்னான். அங்கேயே பிறந்து வளர்ந்த அவனுடைய மகள், என் மருமகள், தான் விக்கா என்கிற நவீன மாந்திரீக வழிபாட்டில் இருப்பதை வீட்டில் சொல்லிவிட்டாள்.

எந்த ஊருக்குள்ள என்று கேட்டேன். கிழக்கிலங்கையில், மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் தம்பிலுவில்தானே?

எங்கள் அம்மம்மா பேச்சியம்மன் சடங்கில் தெய்வம் ஆடினவ. உடுக்குச் சத்தம் ஏற ஏற அவவின் கால் நிலத்தில் நிற்காது. வேப்பிலையோடு கட்டுச் சொல்லுவா, அதாவது குறி சொல்லுவா. அயலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவவிடம்தான் ஓடி வருவார்கள். சடங்கு முடிந்த மறுநாள் வழமைபோல வயலில் நிற்பா.

எனக்குப் பத்து வயதில் ஒரு ஆசிரியர் வகுப்பில் வைத்து, "இவட அம்மம்மா பேயாடுறவ" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் சடங்குக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அம்மம்மா ஒருநாளும் கேட்கவில்லை. அது இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

மட்டக்களப்பார் மந்திரம் செய்து வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று வெளியூர்க்காரர் சொன்னால் தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதே பேச்சைத்தான் இப்போது பெற்ற பிள்ளைக்குச் சொல்கிறான்.

மருமகளிடமே விளக்கம் கேட்டேன். மாந்திரீகம் செய்வதாகச் சொல்வோரைத் தண்டிக்க பிரித்தானியாவில் 1735இல் வந்த மாந்திரீகச் சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டதாம். 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் புத்தகம் எழுதி இந்த வழிபாட்டை வெளியே சொன்னார். தேவியும் தேவனும், பூரணை நிலவு, வருடத்துக்கு எட்டுப் பெருநாட்கள். சாத்தானை அவர்கள் கும்பிடுவதில்லை. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 13,000 பேர் தங்கள் சமயம் விக்கா என்று எழுதியிருக்கிறார்கள்.

அவளுடையதும் அம்மம்மாவுடையதும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். பேச்சி எங்களுக்குப் பரம்பரையாக வந்தவ. இது அவள் தானே தேடிப் போனது. ஆனால் அவள் சொன்ன ஒன்று என்னை உலுக்கிவிட்டது: "மாமி, வேலையிடத்தில பயமில்ல. எங்கட ஆக்கள்ற வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போகத்தான் பயம்."

ஒக்டோபர் 31 அவர்களுக்குச் செத்தவர்களை நினைக்கும் நாள். பூட்டியின் படம் இருக்கா என்று கேட்டாள். ஒன்றே ஒன்று இருக்கிறது, அடையாள அட்டைக்கு எடுத்தது. அனுப்பினேன். மெழுகுதிரிக்குப் பக்கத்தில் அதை வைத்து, முன்னால் ஒரு கொத்து இலையும் வைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அங்கே வேப்பிலை கிடைக்கவில்லையாம்.