டூமுக்குள் ஆறு பின்கள்

அக்டோபர் 10, 2024, வியாழன்

நாளை ஆயுத பூஜை. அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை வாசலில் நிறுத்திக் கழுவினேன். மண் போகவேண்டும் என்ற வேகத்தில் குழாயை ஹேண்டில் பக்கம் நேராகப் பிடித்துவிட்டேன். துடைத்து முடித்துப் பார்த்தால் ஹாரன் ஒலிக்கவில்லை. வலது இண்டிகேட்டர் மங்கலாகத் துடிக்கிறது. 1994-இல் வாங்கிய வண்டி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, சனி

நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்க, ஹெட்லைட்டின் கிண்ணக் கூட்டை, அதாவது டூமைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஆனால் குற்றம் தண்ணீருடையது மட்டுமல்ல. ஹேண்டில் சுவிட்சிலிருந்து வரும் வயர்களை ஒன்றாக மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பான, ஆறு பின் கப்ளரில் ஒரு மூலை உடைந்திருக்கிறது, இரண்டு பின்களில் பச்சைக் களிம்பு. ஹாரனின் இளஞ்சிவப்பு வயரும் மின்சாரம் திரும்பிப் போகும் கறுப்பு எர்த் வயரும் தனித்தனி புல்லட் கனெக்டரில் (ஒற்றை வயருக்கான குண்டு வடிவ இணைப்பில்) வருகின்றன. கறுப்பை யாரோ எப்போதோ வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தபோது கம்பி கருகிய நூல் போல உதிர்ந்தது.

யமஹாவில் எர்த் கறுப்பு. ஹோண்டா வண்டிகளில் அதே வேலையைப் பச்சை செய்யும். யமஹாவில் பச்சை என்றால் லோ பீம். இந்த வேறுபாடு தெரியாமல் கை வைத்தால் பியூஸ்தான் பதில் சொல்லும். ஹாரன் பித்தான் மின்சாரத்தை ஹாரனுக்கு அனுப்புவதில்லை. ஹாரன் வழியாக வந்த மின்சாரத்தை எர்த்தில் சேர்க்கிறது. அதனால் கறுப்பு வயர் கெட்டால் ஹாரன் ஊமை.

அக்டோபர் 14, திங்கள்

சென்னை எழும்பூரில் இறங்கி, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கு நடந்தேன். நான்கு கடைகள். நான்கிலும் முதல் கேள்வி ஒன்றே: "எந்த வண்டி?" பெயரைச் சொன்னதும் முழு சுவிட்ச் செட்டை எடுத்து வைக்கிறார்கள். கப்ளர் மட்டும் வேண்டும் என்றால் முகம் மாறுகிறது. சுவிட்ச் நன்றாக இருக்கும்போது அதை ஏன் எறியவேண்டும்?

ஐந்தாவது கடையில் ஒரு பிடி புல்லட் கனெக்டர் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மாட்டினேன், ஹாரன் ஒலித்தது. துள்ளிவிட்டேன். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினேன், நின்றுபோயிற்று.

அக்டோபர் 16, புதன்

நேற்றிலிருந்து மழை. நகரம் முழுக்க நீர், அலுவலகமும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் வெர்னியர் காலிப்பர் வாங்கிவந்து உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை.

வண்டியின் புல்லட் விட்டம் 3.9 மி.மீ.; ஜப்பானிய வண்டிகளின் அளவு. நான் வாங்கிவந்த உறை 4.7 மி.மீ. புல்லட்டுக்கானது, பழைய பிரிட்டிஷ் முறை. கையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, மாட்டினால் நுழையவும் செய்கிறது. ஆனால் பிடிப்பில்லை. ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அங்கே வயர் இழுபடுகிறது.

கப்ளரின் தட்டைப் பின் அகலம் 2.3 மி.மீ. இதைத்தான் 090 என்கிறார்கள்: அங்குலத்தில் ஆயிரத்தில் தொண்ணூறு பங்கு. 110 என்றால் 2.8 மி.மீ., 250 என்றால் 6.3 மி.மீ. எண்ணுக்குள்ளேயே அளவு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். புதுப்பேட்டையில் வண்டியின் பெயரை அத்தனை முறை சொன்னேன். இந்த எண்ணை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 19, சனி

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை, சுவர் முழுக்கச் சிறு இழுப்பறைகள். பெரியவர் வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. உடைந்த கப்ளரை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "வயர் என்ன கனம் தம்பி?" என்றார். 0.75 சதுர மி.மீ. என்றேன். வயரைச் சுற்றி மடிக்கும் பின்னின் இறக்கைகள் அந்தக் கனத்துக்கு ஏற்றவையாக இருக்கவேண்டுமாம். மெல்லிய வயரைப் பெரிய இறக்கையில் மடித்தால் நழுவிவிடும்.

"ஆண், பெண் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். பழைய களிம்பு புதுப் பின்னையும் தின்னும்."

கேட்டது ஒரு பக்கம், வாங்கியது இரண்டும். 3.9 புல்லட்டுகளும் அவற்றின் மேல் மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளும் அங்கேயே கிடைத்தன. கூடவே இறக்கைகளை மடித்து இறுக்கும் கிரிம்பிங் பிளையர். விலை சற்று உறுத்தியது, ஆனாலும் வாங்கினேன். சாதாரணக் குறட்டால் நசுக்கிய பின்னை நான் இனி நம்பமாட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை முழுவதும் இதே வேலை. பழைய கப்ளரைப் படம் எடுத்துக்கொண்டு, எந்த நிறம் எந்தத் துளை என்று தாளிலும் எழுதினேன். பின்னுக்குள் இருக்கும் சிறு நாக்கை அம்மாவின் தையல் ஊசியால் அழுத்தினால் வயர் பின்புறமாக உருவி வருகிறது.

நறுக்கினால் தூய செம்பு தெரியும் என்று நினைத்தேன். இரண்டு விரற்கடை தூரம் வரை உள்ளே கறுத்திருந்தது. எர்த் வயருக்கு மட்டும் ஒரு துண்டு சேர்க்கவேண்டியதாயிற்று. ஐந்து மி.மீ. தோல் உரித்து, முன்னிறக்கை செம்பையும் பின்னிறக்கை தோலையும் பிடிக்கும்படி மடித்தேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்கச் செய்யும்; அதிர்வில் அந்த எல்லையில்தான் முறியும். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். இரண்டு கழன்றன, புதுப் பின் போட்டேன். முதல் புல்லட்டில் பிளாஸ்டிக் உறையைக் கோர்க்காமலே மடித்துவிட்டேன்; அதையும் வெட்டியெறிந்து மறுபடி.

கப்ளருக்குள் பின் போய் அமரும்போது வரும் 'டிக்' சத்தம் ஆறு முறை கேட்டது. மேலே கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ்.

ஹாரனை அழுத்தியபடி எர்த் இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் வைத்தேன். முன்பு 2.1 வோல்ட் அங்கேயே வீணாகிக்கொண்டிருந்தது. இப்போது 0.04. ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் திருப்பினேன், எண் அசையவில்லை. சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். குழாய் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

மீதிப் பின்களை ஒரு சிறு டப்பாவில் போட்டு, மூடியில் "2.3, ஆறு பின்; புல்லட் 3.9" என்று எழுதி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பின் விளக்கின் வயர் இன்னும் பார்க்கவேண்டும்.