பெயரில் ஜேபெக், உள்ளே வெப்பி

வீட்டில் இருக்கும் பழைய கணினியில் விண்டோஸ் 7தான் ஓடுகிறது. அதில் சேர்த்து வைத்த படங்களில் சில மட்டும் திறக்கவே இல்லை. எல்லாமே ஜேபெக் என்ற பெயரில்தான் இருந்தன. அவற்றையே கைபேசிக்கு அனுப்பினால் பளிச்சென்று தெரிந்தன. அப்படியென்றால் படம் கெட்டுப்போகவில்லை, திறக்கிற மென்பொருளுக்குத்தான் அது புரியவில்லை.

திறக்காத ஒன்றை நோட்பேடில் திறந்தேன். பக்கம் முழுக்கக் கிறுக்கல், ஆனால் முதல் வரியைப் படிக்க முடிந்தது: 'ஆர்ஐஎஃப்எஃப்' என்று நான்கு ஆங்கில எழுத்து, நடுவில் கொஞ்சம் குப்பை, அப்புறம் 'வெப்பி'. உண்மையான ஜேபெக்காக இருந்தால் தொடக்கத்திலேயே பெரும்பாலும் 'ஜேஎஃப்ஐஎஃப்' அல்லது 'எக்ஸிஃப்' கண்ணில் படும். ஆக இது ஜேபெக் இல்லை, வெப்பி என்ற வேறொரு பட வடிவம். கூகுள் அதை அறிவித்தது 2010இல். விண்டோஸ் 7 அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது, அதன் போட்டோ வியூவருக்கு இது எப்படித் தெரியும்? எங்கிருந்தோ இறக்கியபோது யாரோ கோப்பின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பெயரை மாற்றினால் வடிவம் மாறாது.

சரி, உலாவியில் இழுத்துப் போட்டால் தெரியுமே என்று பார்த்தால், இருந்த ஃபயர்ஃபாக்ஸும் அரதப் பழசு. வெப்பி அதில் 65ஆம் பதிப்பில்தான், 2019இல் வந்தது. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி வரிசையான 115ஐ நிறுவியதும் படங்கள் வந்துவிட்டன. குரோம் இந்த விண்டோஸில் 109ஓடு நின்றுவிட்டது. 2023 செப்டம்பரில் வெப்பியைப் படிக்கும் நிரல்தொகுப்பிலேயே மோசமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானது. ஃபயர்ஃபாக்ஸ் 115 வரிசைக்கு அதற்கான திருத்தம் வந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாத படத்தைத் திறக்க, திருத்தம் வராத உலாவியை நான் நம்பமாட்டேன்.

அன்றாடம் பார்க்க இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளைப் போட்டேன். வெப்பியைத் திறக்க அதற்குச் செருகுநிரல்களை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை, தனியாக நிறுவ வேண்டும். 64 பிட் நிரலுக்கு 64 பிட் செருகுநிரல்தான் ஒட்டும்.

இத்தனைக்கும் பிறகு சில படங்கள் திறக்கவில்லை. நோட்பேடில் அவை 'எஃப்டைப்ஹெய்க்' என்று தொடங்கின: ஐஃபோன் 2017 முதல் எடுக்கும் ஹெய்க் வடிவம். அவற்றைப் புதிய கணினியில் ஜேபெக்காக மாற்றிக் கொண்டுவந்தேன். இனி ஜேபெக்காகவே எடுக்கும்படி, அனுப்பியவரிடம் ஐஃபோனின் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.